தானம் வந்த காரின் பல்லைப் பாருங்கள்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவர் தோல் வியாபாரியாக இருந்திருக்க முடியாது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் ஒரு லோடு தோல் வந்து இறங்கினால், ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, முதுகுத்தண்டு போன வழியே உள்ளங்கையை ஓட்டி, அடிப்பக்கம் புரட்டிப் பார்த்த பிறகுதான் ரகம் பிரிப்பார்கள். உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எது, உண்ணி கடித்த புள்ளி எத்தனை, சூட்டுத் தழும்பு முதுகில் விழுந்திருக்கிறதா விலாவில் விழுந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான், இது ஷூவின் முன்பக்கத்துக்கு ஆகும், இது உள் லைனிங்குக்குத்தான் ஆகும் என்று தீர்ப்பு. மலிவாக வந்த சரக்கு என்பதற்காக யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. குறை தெரியாமல் ட்ரம்முக்குள் போன தோல், பதமேறி, சாயமேறி, மெருகும் ஏறி, கடைசியில் கட்டிங் மேசையில் வந்து காலை வாரிவிடும் என்பது டேனரியில் பத்து நாள் நின்றவருக்கே தெரியும்.

இதே பாலாற்றங்கரையில், ஏற்றுமதிக் குடும்பம் ஒன்றின் வாசலில் எட்டு வருஷம் ஓடிய ஏழு சீட்டர் எஸ்.யூ.வி. ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது வண்டி புக் செய்தாயிற்று. பழையதற்கு ஷோரூமில் சொன்ன எக்ஸ்சேஞ்ச் விலை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. தர்ம சிந்தனை பல நேரம் அந்த இடத்தில்தான் பிறக்கிறது: இந்தக் காசுக்குத் தள்ளிவிடுவதைவிட ஓர் அனாதை இல்லத்துக்கோ, மதரசாவுக்கோ, முதியோர் இல்லத்துக்கோ கொடுத்துவிடலாமே! நல்ல எண்ணம்தான், கேலி செய்ய எதுவும் இல்லை. ஆனால் தோலைப் புரட்டிப் பார்க்கும் ஊர், தானமாக வரும் காரை மட்டும் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, போட்டோ எடுத்து உள்ளே விட்டுக்கொள்கிறது. அங்கேதான் தவறு. ஓட வேண்டிய பாதையும் ஓட்டுவதற்கான செலவும் முன்பே தயாராக இருக்கிற இடத்துக்கு மட்டுமே வண்டியை வண்டியாகக் கொடுக்கலாம். மற்ற எல்லா இடத்திலும் அது நான்கு சக்கரத்தின் மேல் நிற்கும் பணம். அதைப் பணமாக மாற்றும் அலைச்சலைக் கொடுப்பவரே பட்டுவிட்டு, காசோலையைக் கொடுப்பதுதான் முறை என்பது என் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் இல்லத்தின் வண்டி ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொள்ளலாம். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஒரு வழிப் பயணமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் என்பதால் இது தாராளமான கணக்கு அல்ல. மாதம் 25 நாள் என்றால் 1,500 கிலோமீட்டர். இரண்டு டன் எடையுள்ள டீசல் வண்டி, பழசான பிறகு, லிட்டருக்குப் பத்து கொடுத்தால் பெரிது, 150 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் மாதம் 13,500, வருஷத்துக்கு 1,62,000 ரூபாய். டிரைவருக்கு மாதம் 15,000 என்றால் வருஷம் 1,80,000. ஆக, ஒரு டயர்கூட மாற்றாமல், ஒரு தடவைகூட சர்வீஸுக்கு விடாமல், 3,42,000 ரூபாய். இதற்கு மேல் இன்ஷூரன்ஸ். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் கார்களுக்கு 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 7,897 ரூபாய், வரி தனி. 1,000 முதல் 1,500 சி.சி. வரையான சிறு வண்டிக்கு அதே பிரீமியம் 3,416 ரூபாய்தான். பழைய ஜெர்மன் வண்டியாக இருந்துவிட்டால் இந்தக் கணக்கையே கிழித்துப் போட்டுவிடலாம். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால், பைபாஸ் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடிவிடுவார். அதன் பிறகு சென்னையா பெங்களூரா என்பதுதான் கேள்வி. முப்பது பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு மளிகைக்கடையில் கடன் வைத்திருக்கும் இல்லம் ஒன்றுக்கு இந்த வண்டி என்ன செய்யும்? இரண்டு மாதம் ஓடும். பிறகு பேட்டரி இறங்கும். பிறகு வேப்பமரத்தடியில் நிற்கும். கண்ணாடியில் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதுவார்கள்.

நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாததல்ல, மறந்துபோனது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நுந்தாவிளக்கு வைத்தவர்களின் செய்தி எங்கு பார்த்தாலும் வரும். அணையாமல் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவர் வெண்கல விளக்கை வாங்கி வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போய்விடவில்லை. அதோடு 96 ஆடுகளைக் கொடுத்தார். சில ஊர்களில் 90. ஆடுகள் இடையர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடுகள் சாகும், குட்டிகள் பிறக்கும், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால்தான் அந்த மந்தைக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். விளக்கு ஒருமுறைச் செலவு, நெய் அன்றாடச் செலவு என்ற வேறுபாட்டை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நெய்க்கு வழி சொல்லாத விளக்கு தானமாகாது என்பது அவர்களுடைய நிலை. பெரும்பாலான எஸ்.யூ.வி. தானங்கள் ஆடு இல்லாத விளக்குகள்தாம். (முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை இங்கே யாராவது துணைக்கு அழைக்கலாம். அந்தக் கொடிக்கு ஒரு மூங்கில் கழி போதுமானதாக இருந்திருக்கும் என்பதைத் தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அது வள்ளலின் மனதைக் காட்டும் கதை. கொடியின் தேவையைக் காட்டும் கதை அல்ல.)

தோல் வட்டாரத்துப் பழைய தர்மங்களும் இதே அறிவோடுதான் நடந்தன. வக்ஃப் என்ற ஏற்பாட்டின் உயிரே, மூலம் அப்படியே நிற்க, அதன் பலன் மட்டும் தர்மத்துக்குப் போவதில் இருக்கிறது. பள்ளிவாசலைச் சுற்றி வாடகைக் கடைகள் இருப்பது அதற்காகத்தான். மேல்விஷாரத்தில் பிறந்து தோல் வியாபாரத்தில் பொருள் சேர்த்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் (1863–1938), சென்னை சென்ட்ரலுக்கு எதிரே பயணிகள் தங்க சித்தீக் சராயைக் கட்டிவைத்தார். அவர் பெயரில் 1965-இல் மேல்விஷாரத்தில் கல்லூரி எழுந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-லிருந்து நடக்கிறது. இவையெல்லாம் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழசைக் கழித்துவிட்டதால் வந்தவை அல்ல. காரோ இந்த வகையில் ஒரு விசித்திரமான மூலப்பொருள்: பலன் கொடுக்காது, தீனி மட்டும் கேட்கும், வருஷத்துக்கு வருஷம் தானே தேய்ந்தும் போகும். கட்டாயக் கொடையான ஜகாத் கணக்கில் இதைச் சேர்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பெருவழக்காக இருக்கும் ஹனஃபி முறையில், ஜகாத் ஏழையின் கைக்கு அவருடைய உடைமையாகவே போய்ச் சேர வேண்டும். நிறுவனத்தின் பெயரில் நிற்கும் கார் அதற்குள் வராது. அது விருப்பக் கொடையான சதக்கா, ஜகாத் பாக்கி அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு பலமான ஆட்சேபம் எழும், எழ வேண்டும். வேலூரின் மிகப் பெரிய தர்ம வரலாறே தானமாக வந்த ஒரு காரில் ஏறித்தானே ஓடியது? உண்மை. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு 1900-இல் வேலூருக்குத் திரும்பி, ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் சி.எம்.சி. ஆயிற்று. 1909 வாக்கில் அமெரிக்க நண்பர்கள் அவருக்கு ஒரு பெஷோ காரை அன்பளிப்பாக அனுப்பினார்கள். அந்த பிரெஞ்சு வண்டி குடியாத்தம் சாலையில் மரத்தடிக்கு மரத்தடி நின்று நின்று நோயாளிகளைப் பார்த்தது. வேலூர்க்காரர்கள் பலருக்கு இந்தக் கதை மனப்பாடம். அதனால்தான் 'கார் கொடுத்தால் என்ன தப்பு' என்ற கேள்விக்கு இந்த ஊரில் கூடுதல் பலம்.

ஆனால் கதையின் வரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வழியோர வைத்தியம் கார் வந்த பிறகு தொடங்கவில்லை; 1906-லேயே தொடங்கிவிட்டது. அதாவது மாட்டு வண்டிக் காலத்திலேயே எந்த ஊர், எந்த மரம், யார் காத்திருப்பார்கள் என்பது முடிவாகியிருந்தது. குறித்த நாளில் டாக்டர் வருவார் என்று சனங்கள் கட்டு அவிழாத புண்ணோடும் கண்நோயோடும் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். இருந்த பாதைக்கு வேகம் மட்டும்தான் போதவில்லை. அந்த ஒரு குறையைத் தீர்க்கக் கார் வந்தது. மருந்துப் பெட்டி, உதவிக்கு ஆள், திரும்பி வந்தால் படுக்கவைக்க ஆஸ்பத்திரி எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது? நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை நாற்பது படுக்கைகளோடு எழுந்தது. அவர் கொடுத்தது மனைவியின் சாரட்டு வண்டியை அல்ல, பணத்தை. பணம் முதலில், பாதை பிறகு, வண்டி கடைசியில். பெஷோ காரை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வண்டியை முதலில் நிறுத்திவிட்டுப் பாதை தானாக முளைக்கும் என்று காத்திருக்கிறார்கள்.

பாதை இல்லாத இடத்துக்கு ஒரு சொகுசுக் கார் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் இந்த நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1964 டிசம்பரில் போப் ஆறாம் பால் பம்பாயில் நடந்த நற்கருணை மாநாட்டுக்கு வந்தார். அவர் பயணத்துக்கென்று வெள்ளை நிற லிங்கன் கான்டினென்டல் கார் ஒன்று அமெரிக்காவிலிருந்து அன்பளிப்பாக வந்திருந்தது. ஊர் திரும்பும்போது அதை அன்னை தெரசாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கல்கத்தாவின் தெருக்களில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிச் சென்றவருக்கு வண்டி தேவைப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் அதில் ஏறவே இல்லை. குலுக்கல் சீட்டு அச்சடித்தார். காரைப் பரிசாக வைத்தார். திரண்ட பணம் அசன்சோல் பக்கத்தில் தொழுநோயாளிகளுக்கான சாந்தி நகர் குடியிருப்புக்குப் போயிற்று. தொழுநோய் மறுவாழ்வு என்றால் என்னவென்று வேலூருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. டாக்டர் பால் பிராண்டின் அறுவை சிகிச்சைகளையும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையையும் பார்த்த ஊர் இது. விரல் மடங்கிய ஒருவருக்கு வேண்டியது வீடு, தறி, காலுக்கேற்ற செருப்பு. லிங்கன் காரின் பின்சீட்டு அந்த வரிசையில் எங்கேயும் வராது. காரின் கௌரவத்தையே டிக்கெட்டாக வெட்டி விற்றதுதான் அன்னையின் சாமர்த்தியம்.

அண்மை உதாரணம் இன்னும் பக்கத்தில், குருவாயூரில். 2021 டிசம்பரில் மஹிந்திரா நிறுவனம் குருவாயூர் கோயிலுக்குப் புது தார் வண்டி ஒன்றைக் காணிக்கையாகச் செலுத்தியது. தேவஸ்வம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அதே மாதம் ஏலம் விட்டது. 15 லட்சம் ரூபாய் ஆரம்ப விலைக்கு ஒரே ஒருவர் வந்து 15.10 லட்சத்துக்குக் கேட்டார். சரியாக அறிவிக்காமல் நடந்த ஏலம் என்று சர்ச்சை கிளம்பி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2022 ஜூனில் மறு ஏலம் நடந்தது. அதே வண்டி 43 லட்சத்துக்குப் போயிற்று. அதே இன்ஜின், அதே நான்கு சக்கரம். வெளிப்படையாகக் கூவி விற்றதற்கு மட்டும் ஏறக்குறைய 28 லட்சம் கூடுதல். கொடுக்கப்பட்ட வண்டியை விற்பது கொடுத்தவரை அவமதிப்பது என்று கூச்சப்படும் நிர்வாகிகள் இந்தக் கோயில் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 80ஜி என்று நாம் பல காலமாக அறிந்த வரிச்சலுகை பணத்துக்கு மட்டும்தான்; பொருளாகக் கொடுத்த எதற்கும் இல்லை. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. தோல் வட்டாரத்தில் பெரிய கார்கள் பலவும் குடும்பத்தலைவர் பெயரில் இருப்பதில்லை; தேய்மானம் எழுதலாம் என்று கம்பெனி பெயரில் வாங்கியிருப்பார்கள். 40 லட்சத்துக்கு வாங்கிய கார், வருஷம் 15 சதவீதம் தேய்மானத்தில், எட்டு வருஷம் கழித்து ஏட்டில் 11 லட்சத்துக்கும் கீழே வந்துவிடும். சரி, அதைக் கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவு (சி.எஸ்.ஆர்.) கணக்கிலாவது காட்டலாமா? 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 'செலவிட வேண்டும்' என்று சொல்கிறது. அதனால் பொருளாகக் கொடுத்ததற்கு விலை போட்டு இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் தெளிவாகவே விளக்கம் கொடுத்துவிட்டது. ஆக, வண்டியாகக் கொடுப்பவருக்கும் லாபமில்லை, வாங்குபவருக்கும் லாபமில்லை. போட்டோவுக்கு மட்டும் லாபம்.

சலுகை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவில் பார்த்துவிட்டார்கள். பழைய காரைத் தர்மத்துக்குக் கொடுத்து, விலைப்பட்டியலில் உள்ள தொகையை வரியில் கழித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2003-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 54 கார்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. மூன்றில் இரண்டு பங்கு கார்களில், கொடையாளர் வரியில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் தர்ம நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. மிச்சம் ஏலக்காரருக்கும் விளம்பரத்துக்கும். 2005 முதல் சட்டம் மாறியது: நிறுவனம் காரை விற்றால் விற்ற தொகை மட்டுமே கழிவு, உண்மையிலேயே தன் சேவைக்குப் பயன்படுத்தினாலோ, ஏழை ஒருவருக்குக் கொடுத்தாலோ மட்டும் சந்தை மதிப்பு.

'பணமாகக் கொடுத்தால் கரைந்துவிடும், பொருளாகக் கொடுத்தால் நிற்கும்' என்பது அடுத்த ஆட்சேபம். நன்கொடை வாங்கும் இடங்களில் சில மோசமானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம்பிக்கையில்லாத ஒருவரிடம் காசோலை கொடுக்கத் தயங்குபவர், அவரிடமே பல லட்ச ரூபாய் பெறுமான காரின் சாவியைக் கொடுப்பது என்ன நியாயம்? பணத்துக்கு ரசீது உண்டு, வங்கிச் சுவடு உண்டு. டிரஸ்ட் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குக் கணக்கு காட்ட வேண்டும். இன்ன செலவுக்கு மட்டும் என்று கடிதத்தில் கட்டிப்போடலாம். கார் எங்கே போய் வந்தது, யாருடைய கல்யாணத்துக்கு ஓடியது என்பதற்கு எந்த ரசீதும் இல்லை. 'நிற்கும்' என்பதில் உள்ள ஆசை வேறு: கதவில் எழுதப்படும் பெயர். அந்தப் பெயர் பழைய பாக்கிகளையும் மறைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. 2025 ஜனவரியில் மீண்டும் பாலாற்று வழக்கில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்தக் கணக்கை எந்த வண்டியின் கதவில் எழுதிய பெயராலும் நேர்செய்ய முடியாது. அது கடன்; இங்கே பேசுவது கொடை. இரண்டையும் குழப்பிக்கொள்ள பளபளக்கும் பொருள்கள் உதவுகிற அளவுக்குக் காசோலை உதவுவதில்லை என்பதும் அதன் ஒரு நற்குணம்.

மலை கிராமங்களுக்குப் பெரிய வண்டிதானே வேண்டும் என்பார்கள். ஜவ்வாது மலையும் அணைக்கட்டுப் பக்கத்து மலைகளும் இருக்கும் வேலூர் மாவட்டத்தில் இது சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. 2023 மே மாதம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், சாலை முடிந்த இடத்தோடு நின்றுவிட்டது. தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலைக்கு நடந்தார். அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் 'ஒரு நல்ல எஸ்.யூ.வி. இருந்திருந்தால்' என்று தோன்றியிருக்கும். ஆனால் அங்கே ஆம்புலன்ஸ் இருந்தது. இல்லாதது சாலை. எஸ்.யூ.வி. என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி நான்கு சக்கர இயக்கம் இல்லாதது. ஷாப்பிங் மால் சரிவில் ஏறுவதற்கென்று செய்தது. மழையில் அரித்த மலைப்பாதையில் அதைவிட ஒரு ஜீப்பும், ஜீப்பைவிடப் பக்கவாட்டுப் பெட்டி வைத்த பைக்கும் உபயோகம்.

'ஏழைப் பாட்டி ஏ.சி. காரில் போகக் கூடாதா?' என்று கோபமாகக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். பாட்டி தாராளமாகப் போகட்டும். ஆனால் ஏறட்டும் முதலில். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கும் படியில் காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து எம்பித்தான் அந்த வண்டிக்குள் போக முடியும். மூன்றாம் வரிசைக்குப் போக நடு சீட்டை மடக்கிவிட்டு, குனிந்து, பக்கவாட்டில் தவழ வேண்டும். முட்டி தேய்ந்தவருக்கும், டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றுபவருக்கும், எட்டு மாத கர்ப்பிணிக்கும் இது நடக்கிற காரியமா? தாழ்ந்த தளமும் இழுத்துத் திறக்கும் கதவும் உள்ள மாருதி ஈகோவில் அதே பாட்டி சேலையைக்கூட ஒதுக்காமல் ஏறி உட்கார்ந்துவிடுவார். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஆம்னி ஆம்புலன்ஸ்கள் ஏன் அத்தனை காலம் ஓடின என்பதற்கு விலை மட்டும் காரணமல்ல. எஸ்.யூ.வி.யின் சீட்டைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் போட்டுவிடலாம் என்ற யோசனையும் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. ஆம்புலன்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று தனித் தரநிலையே இருக்கிறது. வெள்ளை போர்டு வண்டியின் கூரையில் சைரன் வைத்தால் அது ஆம்புலன்ஸ் ஆகிவிடாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

விபத்து என்றதும் இன்னொன்று. சாவியைக் கொடுத்துவிட்டு ஆர்.சி. பெயர் மாற்றத்தை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடுவது நம் ஊர் வழக்கம். தர்மத்துக்குக் கொடுத்ததில் இந்த அலட்சியம் இரட்டிப்பு. டிரஸ்ட் செயலாளர் மாறுவார், தீர்மான நகல் கிடைக்காது, ஃபார்ம் 29-உம் 30-உம் மேசை டிராயரில் மஞ்சளாகும். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது: கை மாறி எத்தனை பேரிடம் போயிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. தானம் கொடுத்து மூன்று வருஷம் கழித்து, பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஆக்டிங் டிரைவர் ஒருவர் மோதிய வழக்கில் கொடையாளருக்கு சம்மன் வந்தால், அதற்கு எந்தப் புண்ணியக் கணக்கிலும் கழிவு கிடையாது.

ஆக, விற்பதுதான் வழி என்றால், ஏன் டிரஸ்டே விற்றுக்கொள்ளக் கூடாது, கொடுப்பவர் ஏன் அலைய வேண்டும் என்று கேட்கலாம். விற்கத் தெரிந்தவர் அவர்தான் என்பதால். ஆட்டோ கன்சல்டிங்காரர் முதலாளியிடம் சொல்லும் விலை ஒன்று, அனாதை இல்லத்து வார்டனிடம் சொல்லும் விலை வேறு. சர்வீஸ் புத்தகம், இரண்டாவது சாவி, கடன் முடிந்த சான்று எல்லாம் கொடுப்பவர் வீட்டு பீரோவில் இருக்கின்றன. ஃபார்ச்சூனர், இன்னோவா மாதிரி வண்டிகளுக்குச் சந்தையில் இன்றும் நல்ல மரியாதை. எட்டு வருஷ வண்டி 15 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், புது ஈகோ ஒன்றை 7 லட்சத்துக்குள் சாலைக்குக் கொண்டுவந்துவிடலாம். மிச்சம் 8 லட்சம். மாதம் 25,000 என்று பெட்ரோலுக்கும் டிரைவருக்கும் இரண்டரை வருஷத்துக்கு மேல் தாங்கும். விளக்கும் வந்தது, ஆடும் வந்தது.

இத்தனையும் சரி, ஆனால் வாங்குபவர் வாயைத் திறக்க மாட்டார் என்பதுதான் இந்த விவகாரத்தின் முள். ஆம்பூர் மாதிரி ஊரில் கொடுப்பவர் வெறும் கொடையாளர் இல்லை. பக்கத்துத் தெருவில் பாதிப் பெண்கள் அவருடைய ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள். ஜமாஅத்திலோ சபையிலோ கோயில் கமிட்டியிலோ முன்வரிசை நாற்காலி அவருடையது. 'பாய், இது எங்களுக்கு ஆகாது' என்றோ 'ஐயா, காராக வேண்டாம்' என்றோ சொல்லும் தைரியம் எந்த இல்லத்துச் செயலாளருக்கு வரும்? சொன்னால் அடுத்த வருஷ அரிசி மூட்டையும் நின்றுபோகும் என்ற பயம் நியாயமானது. எனவே பல்லைப் பார்க்கும் வேலையை வாங்குபவர் தலையில் கட்ட முடியாது. வண்டியைத் துடைத்து மாலை வாங்குவதற்கு முன்னால் கொடுப்பவர் ஒரு போன் போட்டு, 'உங்களுக்கு இப்போது என்ன தேவை?' என்று கேட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும். அநேகமாக வரும் பதில்கள் போட்டோவுக்கு ஆகாதவை: சமையல்காரம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பள பாக்கி, வாசற்படிக்குப் பதில் ஒரு சரிவுப்பாதை, வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவரின் ஆட்டோ கூலி, போர்வெல்லுக்குப் புது மோட்டார்.

கார் வேண்டும் என்றே பதில் வரவும் கூடும். அப்போது கேட்க வேண்டியவை இன்னும் சில: எந்தக் கிழமை, எந்த ஊர் வழியாக, ஓட்டப்போவது யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து. குடியாத்தம் சாலையில் 1909-க்கு முன்பே இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது. பதில் இருக்கிற இடத்துக்கு எஸ்.யூ.வி.யையே கொடுக்கலாம். பெயர் மாற்றிய ஆர்.சி., ஒரு வருஷ இன்ஷூரன்ஸ், மூன்று வருஷ டீசலுக்கான காசோலை, 'தேவைப்படாதபோது எங்களைக் கேட்காமலே விற்றுக்கொள்ளலாம்' என்று ஒரு வரிக் கடிதம், இரண்டாவது சாவி, ஸ்டெப்னியோடு.